தேடுவோர் கைக்கு எட்டும் எழுத்து

(பிரம்மதேசத்தில் நிகழ்ந்த இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



‘பிரம்மதேசம்’ என்னும் சொல்லைக் கைப்பேசியில் உள்ள தேடுபொறியில் இட்டால், அது எந்தப் பிரம்மதேசத்தைக் காட்டும்? தமிழ்நாட்டில் இப்பெயர் தாங்கிய ஊர்கள் பல. அம்பாசமுத்திரத்தை அடுத்து ஒன்று உண்டு; அது கயிலாசநாதர் கோயிலால் பெயர் பெற்றது. செய்யாற்றை அடுத்து ஒன்று உண்டு; அது முதலாம் இராசேந்திர சோழனின் இறுதிக் காலத்தோடு தொடர்புபடுத்திப் பேசப்படுவது. இதே விழுப்புரம் மாவட்டத்தில் எண்ணாயிரத்தை அடுத்தும் ஒரு பிரம்மதேசம் உண்டு. அது சோழர் காலக் கோயில்களை உடையது. மரக்காணத்தை அடுத்த இந்தப் பிரம்மதேசம் இவற்றின் வேறானது. அந்தணர்க்கு அளிக்கப்பட்ட நிலக்கொடையைக் குறிக்கும் ‘பிரமதேயம்’ என்னும் சொல்லோடு தொடர்புடைய பெயர் ஆதலின், அது பல ஊர்களுக்கு வழங்குவது இயல்பே.

வழியில் ஒருவரை நிறுத்திக் கேட்டால், “எந்தப் பிரம்மதேசம்?” என்று அவர் திருப்பிக் கேட்பார். பொறி பெரும்பாலும் அவ்வாறு கேட்பதில்லை. எவ்வூரைப் பற்றி மிகுதியாக எழுதப்பட்டுள்ளதோ, எவ்வூரைப் பற்றிய எழுத்தைப் பிறர் மிகுதியாகச் சுட்டியுள்ளனரோ, அவ்வூரை முன்னே நிறுத்தும். எழுதப்படாத ஊர் பின்னுக்குப் போகும். எழுதப்பட்டும் தேடுவோர்க்குத் தென்படாத ஊரின் நிலையும் அதுவே. ஆகவே எழுத்தைத் தேடுவோர் கைக்கு எட்டச் செய்வது எழுதுவோர் கடமையின் ஒரு பகுதி என்பதே இவ்வுரையின் கருத்து.

சொல்லடைவும் தேடுபொறியும்

தேடுபொறி என்பது தமிழறிஞர்க்கு முற்றிலும் புதியதொரு பொருளன்று. இவ்வூருக்குத் தெற்கே சிறிது தொலைவிலுள்ள புதுச்சேரியில், பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1967 முதல் 1970 வரை ‘பழந்தமிழ் நூற் சொல்லடைவு’ என்னும் பெருநூலை மூன்று பகுதிகளாக வெளியிட்டது. பழந்தமிழ் நூல்களில் ஒரு சொல் எங்கெங்கு ஆளப்பட்டுள்ளது என்பதை அந்நூல் வரிசைப்படுத்திக் காட்டும். ‘உப்பு’ என்னும் சொல்லைத் தேடும் ஆய்வாளர் நூல்கள் அனைத்தையும் புரட்ட வேண்டுவதில்லை. அடைவைத் திறந்தால் போதும்.

தேடுபொறி செய்வதும் இதுவே. அதன் பணி மூவகைப்படும். முதலாவது துழாவுதல்: ஒரு பக்கத்திலிருந்து அப்பக்கம் சுட்டும் மற்றொரு பக்கத்துக்குத் தாவித் தாவி இணையத்தை இடைவிடாது படித்தல். இரண்டாவது அடைவு செய்தல்: எச்சொல் எந்தப் பக்கத்தில் உள்ளது எனக் குறித்து வைத்தல். மூன்றாவது வரிசைப்படுத்தல்: கேட்டவர்க்கு எதை முதலில் காட்டுவது எனத் தீர்மானித்தல்.

இம்மூன்றாவது பணியில்தான் 1998ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கூகுள் பெயர் பெற்றது. ஆய்வுலகில் பலரால் மேற்கோள் காட்டப்படும் கட்டுரைக்கு மதிப்பு மிகுதி. அவ்வாறே பல பக்கங்களால் சுட்டப்படும் பக்கத்துக்கு மதிப்பு மிகுதி என்று அதன் நிறுவனர்களான இலாரி பேஜும் செர்கே பிரின்னும் கொண்டனர். இன்று இவ்வளவுகோலோடு வேறு பலவும் சேர்ந்துள்ளன. எனினும் அடிப்படை மறைந்துவிடவில்லை. மேற்கோளின் ஆற்றலைத் தமிழுலகம் முன்பே கண்டுள்ளது. தகடூர் யாத்திரை முழுமையாகக் கிடைக்கவில்லை. புறத்திரட்டு தொகுத்தவரும் உரையாசிரியரும் எடுத்தாண்டமையால் அதன் பாடல்கள் சில எஞ்சின. ஒருவர் எழுத்தை மற்றொருவர் பெயர் சொல்லிச் சுட்டுவது வெறும் மரியாதையன்று. அவ்வெழுத்தைப் பிழைக்க வைக்கும் செயலும் ஆகும்.

எழுத்து இருந்தும் தென்படாமை

தமிழ் எழுத்து இணையத்தில் இருந்தும் தேடுவோர்க்குக் கிட்டாமல் போவதற்குக் காரணங்கள் சில உள. அவற்றுள் முதன்மையானது குறியீட்டுச் சிக்கல். தொடக்கத்தில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனத் தனிக் குறியீட்டைக் கொண்டிருந்தது. ஒருவர் எழுதியதை மற்றொருவர் படிக்க அதே எழுத்துரு வேண்டும். 1999ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாடு இக்குழப்பத்தைத் தீர்க்க முயன்றது. பின்னர் ஒருங்குறி என வழங்கும் யூனிகோடு பரவியது. 2010ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசும் அதனை ஏற்று ஆணையிட்டது. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் முனைவர் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டமும் பழைய குறியீடுகளில் தொடங்கிப் பின்னர் ஒருங்குறிக்கு மாறியது. சங்க நூலடி ஒன்றை இன்று தேடுபவர்க்கு அது நொடியில் கிட்டுவதற்கு அம்மாற்றம் ஒரு முதன்மைக் காரணம்.

ஆயினும் அச்சகங்களில் பழைய முறை முற்றும் நீங்கவில்லை. விழா மலர்கள் பல இன்றும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கோக்கப்படுகின்றன. அம்மலரை மின்கோப்பாக இணையத்தில் ஏற்றினால் கண்ணுக்குத் தமிழாகவே தோன்றும். ஒரு வரியைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பார்த்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் வந்து நிற்கும். தேடுபொறி காண்பது பெரும்பாலும் அவ்வெழுத்துகளையே. பக்கங்களைப் படமாகப் பிடித்து ஏற்றுவதிலும் இதே இடர்ப்பாடு உண்டு. அழகிய படத்தின்மேல் கவிதையை அச்சிட்டு வாட்சப்பில் பரப்பினால், அன்றைக்கு நூறு பேர் படிப்பர். அடுத்த ஆண்டு அதைத் தேடுபவர் ஒருவர்க்கும் அகப்படாது.

இரண்டாவது காரணம் தமிழின் சொல்லமைப்பு. ‘பிரம்மதேசம்’ என்பது வேற்றுமை ஏற்கும்போது ‘பிரம்மதேசத்தில்’, ‘பிரம்மதேசத்து’ என இறுதி திரியும். மகர ஈறு மறைந்துவிடுவதால், எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் பொறிக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். பொறிகள் இவ்வகையில் முன்னேறி வருகின்றன எனினும் முழு நம்பிக்கை வைத்தற்கில்லை. கட்டுரை முழுவதும் ‘இவ்வூரில்’, ‘இவ்விடத்து’ என்றே எழுதி, ஊர்ப் பெயரை ஒருமுறையும் எழுவாய் வடிவில் எழுதாதவர் தம் கட்டுரையைத் தாமே மறைத்து வைக்கிறார்.

மூன்றாவது காரணம் எழுத்து வேறுபாடு. மரக்காணத்தை ஒட்டிய பெரும் நீர்நிலை 2021ஆம் ஆண்டு டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் பெயரைக் கழுவெளி என்றும், கழிவெளி என்றும், கழுவேலி என்றும் எழுதுகின்றனர். ஒரு வடிவில் தேடுபவர்க்கு மற்றொரு வடிவில் எழுதியது வாராது போகலாம். ‘ஔவை’ என்பதன் முதலெழுத்தை ஓரெழுத்தாக இடாமல் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்து இடுவோரும் உளர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, பொறிக்கு வேறு.

தேடுவோர் சொல்லும் எழுதுவோர் சொல்லும்

இவை கருவி சார்ந்த தடைகள். இவற்றினும் பெரியது மனம் சார்ந்த தடை. எழுதுவோர் தாம் விரும்பும் சொல்லால் எழுதுகின்றனர். தேடுவோர் தமக்குத் தெரிந்த சொல்லால் தேடுகின்றனர். இரண்டும் சந்திக்காவிடில் எழுத்து வாசகரை அடைவதில்லை.

உப்பளம் பற்றிய கட்டுரை ஒன்றுக்கு ‘நெய்தலின் வெண்பொன்’ எனத் தலைப்பிடுவதாகக் கொள்வோம். மலரில் அத்தலைப்பு அழகாகவே இருக்கும். ஆனால் அச்சொற்களை இட்டு எவரும் தேடார். ‘மரக்காணம் உப்பளத்தில் உப்பு எப்படி விளைகிறது’ என்றே ஒரு பள்ளி மாணவி தேடுவாள். அழகிய தலைப்பின் கீழ் ‘மரக்காணம் உப்பளங்களில் உப்பு விளையும் முறை’ என ஒரு துணைத் தலைப்பு இட்டால் இருவர் தேவையும் நிறைவேறும். முதல் பத்தியிலேயே ஊர், வட்டம், மாவட்டம், பேசப்படும் பொருள் ஆகியவற்றை வெளிப்படச் சொல்லிவிடுவதும் நன்று. பழந்தமிழ் நூல்களில் பாயிரம் செய்த பணியும் இத்தகையதே. ஆக்கியோன் பெயர், நூற்பெயர், நுதலிய பொருள், கேட்போர், பயன் ஆகியவற்றை நூலின் வாயிலிலேயே உரைப்பது தமிழ் மரபு. அம்மரபைக் கைவிடாமல் இருந்தாலே தேடுபொறிக்கு வேண்டுவனவற்றுள் பாதி நிறைவேறிவிடும்.

2017ஆம் ஆண்டு முதல் கூகுளில் தமிழில் பேசியே தேடலாம். எழுத்தறிவு குறைந்தவரும் தேடுவோர் வரிசையில் இடம் பெற்றுவிட்டனர். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உப்பளங்களில் வேலை இராது. அக்காலத்துக்கெனத் தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு ரூ. 5,000 உதவி வழங்கும் திட்டத்தை 2022ஆம் ஆண்டு தொடங்கியது. அதுபற்றிப் பேச்சுத் தமிழில் கேட்கும் தாய் ஒருத்திக்கு, அரசாணையின் கடுந்தமிழில் அமைந்த விடை கிட்டாமலே போகலாம், கிட்டினும் விளங்காது. இத்தகையதைத் தெளிந்த தமிழில் விளக்கி, யார் பெறலாம், எங்கே கேட்க வேண்டும் என்று எழுதுபவர் இலக்கியத் தொண்டினும் குறைந்த தொண்டு செய்தவர் ஆகார்.

அறிந்து வருவோரும் தேடி வருவோரும்

வாசகர் வரும் வழி இரண்டு. எழுதுபவரை அறிந்து வருவது ஒன்று. பொருளைத் தேடி வருவது மற்றொன்று. 2004ஆம் ஆண்டு காசி ஆறுமுகம் தொடங்கிய ‘தமிழ்மணம்’ திரட்டி முதல் வழியைச் செப்பம் செய்தது. உலகெங்கும் இருந்து தமிழில் எழுதுவோரின் புதிய ஆக்கங்களை அது ஓரிடத்தில் பட்டியலிட்டது. ஒருவர் மற்றவரைப் படிக்கவும் மறுமொழி கூறவும் வழிசெய்தது. பின்னர் முகநூல் போன்றவை அவ்விடத்தைப் பிடித்துக் கொண்டன. இவ்வழியில் வரும் கூட்டம் அன்றைய கூட்டம். முகப்பில் இன்று நிற்கும் எழுத்து நாளை கீழிறங்கும். மறுவாரம் கண்ணுக்குத் தெரியாது.

சங்கப் பாடல்களில் உமணர் உப்பை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகச் சென்று நெல்லுக்கு மாற்றினர். கூவிச் செல்லும் வரையே அவ்வாணிகம். தேடி வருவோர் வழி அத்தகையதன்று. ஐந்தாண்டுக்கு முன் எழுதிய கட்டுரைக்கும் இன்று ஒருவர் வருவார். எழுதியவர் பெயரை அவர் அறிந்திருக்க மாட்டார். அவர்க்கு வேண்டியது பொருள் மட்டுமே. சிறிய ஊர்களில் இருந்து எழுதுவோர்க்கும், பெயர் பெறாத எழுத்தாளர்க்கும் இவ்வழியே பெரிதும் உகந்தது. பலரும் எழுதிய பொருளில் முந்துவது அரிது. எவரும் எழுதாத பொருளில், அஃது எத்துணைச் சிறியதாயினும், ஒரு நல்ல கட்டுரையே முதலிடம் பெறும்.

கருவிகள் செய்வன

இதற்குத் துணை புரியும் இணையக் கருவிகள் பல கட்டணமின்றியே கிட்டுகின்றன. கூகுளின் ‘சர்ச் கன்சோல்’ என்னும் கருவி, ஒரு தளத்தின் பக்கங்கள் எந்தெந்தச் சொற்களைத் தேடியவர்க்குக் காட்டப்பட்டன, எத்தனை முறை காட்டப்பட்டன, எத்தனை பேர் திறந்தனர், வரிசையில் எவ்விடம் கிட்டியது என்பவற்றைத் தெரிவிக்கும். பல முறை காட்டப்பட்டும் திறக்கப்படாத பக்கத்தின் தலைப்பு ஆராயத்தக்கது. தளத்திலுள்ள பக்கங்களின் பட்டியலைத் தளவரைபடமாக அதனிடம் அளித்தால், துழாவும் பணி எளிதாகும். ‘கூகுள் டிரெண்ட்ஸ்’ என்னும் கருவி, ஒரு சொல்லின் இரு வடிவங்களுள் எதனை மக்கள் மிகுதியாகத் தேடுகின்றனர் என ஒப்பிட்டுக் காட்டும். தேடல் மிகக் குறைந்த சிற்றூர்ப் பெயர்களுக்கு அதனால் பயன் குறைவு. பழைய எழுத்துருவில் உள்ளதை ஒருங்குறிக்கு மாற்ற என்.எச்.எம். மாற்றி முதலியன உள. படமாக உள்ள பக்கங்களை எழுத்தாக்க எழுத்துணரிகள் உள. தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கிய நாட்டுடைமை நூல்கள் பல, எழுத்துணரியின் துணையுடன் தமிழ் விக்கிமூலத்தில் எழுத்து வடிவம் பெற்றன. பொறி பிழைபடப் படித்த இடங்களைத் தன்னார்வலர் ஒப்பிட்டுத் திருத்தி வருகின்றனர்.

ஆயினும் கருவி சொல்வதே வேதம் எனக் கொள்ளுதல் தகாது. அது தேடப்பட்ட சொற்களைக் காட்டுமேயன்றி எழுதத் தக்கது எது என்பதைக் காட்டாது. மக்கள் இன்னும் கேட்க அறியாத கேள்விகளும் உண்டு. அவற்றை எழுப்புவது எழுத்தாளர் கடமை.

குறுக்கு வழிகளின் கேடு

வாசகர் எண்ணிக்கையைப் பெருக்கக் குறுக்கு வழிகளும் கூறப்படுகின்றன. ஒரே சொல்லைத் தேவையின்றிப் பல முறை திணித்தல், கண்ணுக்குத் தெரியாத வண்ணத்தில் சொற்களை ஒளித்து வைத்தல், சுட்டிகளை விலைக்கு வாங்குதல், பிறர் எழுத்தைப் படியெடுத்துத் தம்முடையதாக இடுதல் என அவை பலவாகும். கூகுள் நிறுவனம் 2011ஆம் ஆண்டு ‘பாண்டா’ என்னும் மாற்றத்தாலும் 2012ஆம் ஆண்டு ‘பெங்குவின்’ என்னும் மாற்றத்தாலும் இத்தகைய தளங்கள் பலவற்றைப் பின்னுக்குத் தள்ளியது. 2018ஆம் ஆண்டு அதன் விளம்பரத் திட்டம் தமிழுக்கும் வந்தபின், வருவோர் தலையை எண்ணிப் பணம் பெறும் ஆசையும் பிறந்தது. “அதிர்ச்சி”, “நம்பவே முடியாது” எனத் தலைப்பிட்டு உள்ளே ஒன்றும் இல்லாத எழுத்துகள் பெருகின. ஒருமுறை ஏமாந்த வாசகர் மறுமுறை அப்பெயரைக் கண்டால் விலகிப் போவார். உமணர் உப்பில் மணலைக் கலந்திருந்தால் அடுத்த திங்கள் அவ்வூருக்குள் வண்டி நுழைந்திராது.

2024ஆம் ஆண்டு முதல் பல நாடுகளில் தேடல் முடிவுகளின் மேலேயே செயற்கை நுண்ணறிவு தொகுத்த விடை காட்டப்படுகிறது. விடை அங்கேயே கிட்டுவதால் மூலப் பக்கத்துக்குச் செல்லாதோரும் உளர். ‘இனி எழுதி என்ன பயன்?’ என்று சோர்வோர்க்கு ஒன்று கூறலாம். அவ்விடையும் எங்கோ யாரோ எழுதியதைக் கொண்டே தொகுக்கப்படுகிறது. எழுத்து இல்லாத இடத்தில் பொறி பிற எழுத்தைக் கொண்டு இட்டு நிரப்பக்கூடும். செய்யாற்றுப் பிரம்மதேசத்தின் வரலாற்றை மரக்காணத்துப் பிரம்மதேசத்தின் தலையில் ஏற்றி வைக்கவும் கூடும். அதனைத் திருத்துவதற்குச் சான்றோடு கூடிய எழுத்தன்றி வேறு வழியில்லை.

இலக்கிய வட்டங்கள் செய்யத்தக்கன

சிறுபாணாற்றுப்படையை இயற்றியவர் இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார். அவர் நாடு மரக்காணத்துக்கு வடக்கே உள்ள கடற்கரைப் பகுதியாகும். அந்நூல் கூறும் எயிற்பட்டினத்தை மரக்காணம் என்றே அறிஞர் பலர் கொள்வர். ஓலையில் கிடந்த அந்நூலைப் பத்துப்பாட்டின் ஒரு பகுதியாக 1889ஆம் ஆண்டு உ. வே. சாமிநாதையர் பதிப்பித்ததால் உலகம் அறிந்தது. ஆனால் எயிற்பட்டினம் என்பதை அறியாமல் ‘மரக்காணம்’ என்று மட்டும் தேடுபவர் எதைக் காண்பார்? 2023ஆம் ஆண்டு மே மாதம் இப்பகுதியில் நச்சுச் சாராயத்தால் உயிரிழப்புகள் நேர்ந்தபோது இப்பெயர் நாடெங்கும் செய்தியாயிற்று. ஓர் ஊர் அழும் நாளில் மட்டும் அதன் பெயர் எழுதப்படுமானால், அவ்வழுகையே அதன் முகமாக நிலைத்துவிடும். மற்ற நாள்களையும் எழுதி வைப்பவர் அவ்வூரில் வாழ்பவராகவே இருத்தல் கூடும்.

திங்கள் ஒன்றுக்கு ஓர் உரை எனக் கொண்டாலும் ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டில் 120 உரைகளைக் கேட்கிறது. அவற்றுள் மலரில் அச்சாவன சில. அச்சானவை சில நூறு வீடுகளின் அலமாரிகளில் உறங்குவன. 2005ஆம் ஆண்டு முதல் ஈழத்து எழுத்துகளைத் திரட்டிவரும் நூலகம் திட்டம் இதற்கு ஒரு வழி காட்டியுள்ளது. இதழ்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து ஏற்றுவதோடு, பல இதழ்களின் பொருளடக்கத்தை, கட்டுரைத் தலைப்பும் ஆசிரியர் பெயரும் தோன்ற, எழுத்தாகவும் அவர்கள் இட்டு வைத்துள்ளனர். உள்ளே இருப்பது படமாயினும், வாயிலில் எழுத்து இருப்பதால் தேடுவோர் வந்து சேர்கின்றனர்.

அம்முறையில் வட்டங்கள் உடனே செய்யத்தக்கன நான்கு. மலர்களின் பொருளடக்கத்தை ஒருங்குறியில் தட்டெழுதி வெளியிடுதல் முதலாவது. இரண்டு மாணவர் ஒரு நாளில் முடிக்கும் பணி இது. இனி வரும் மலர்களைத் தொடக்கத்திலேயே ஒருங்குறி எழுத்துருவில் கோக்குமாறு அச்சகத்தாரிடம் கேட்டுப் பெறுதல் இரண்டாவது. கட்டுரையாசிரியர் இசைவுடன் கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் தனிப் பக்கத்தில், ஊர்ப் பெயரின் வேறு வடிவங்களையும் சேர்த்து இடுதல் மூன்றாவது. ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைக் கொண்ட தமிழ் விக்கிப்பீடியாவில் தத்தம் ஊர்ப் பக்கத்தைத் தக்க சான்றுகளுடன் செம்மை செய்தல் நான்காவது. இவை எவற்றுக்கும் பெரும்பொருள் வேண்டுவதில்லை.

பத்தாண்டு நிறைவு என்பது ஒரு வட்டம் தன்னை நிலைநிறுத்திக்கொண்டதன் அடையாளம். அடுத்த பத்தாண்டில் இங்குப் பேசப்படுவன இந்த அரங்கில் இருப்போர்க்கு மட்டும் உரியனவாய் நின்றுவிடலாகாது. கடல் கடந்து வாழும் இவ்வூர்ப் பேரன் ஒருவன் தன் பாட்டன் ஊரைத் தமிழில் தேடும் நாள் வரும். அன்று அவன் கைக்கு எட்டுவது சரியான பிரம்மதேசமாக இருக்கச் செய்வது இன்று எழுதுவோர் பொறுப்பாகும்.